மேல்நோக்கி வீசும் காற்று

வானூர்தியிலிருந்து குதித்த ஒருவன் குடையை விரிக்கும் முன் எவ்வளவு விரைவாக வீழ்வான்? நேரம் செல்லச் செல்ல அவன் வேகம் ஓயாது பெருகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அஃதன்று. வீழ வீழக் கீழிருந்து எதிர்க்கும் காற்றின் தடையும் வளர்கிறது. சில வினாடிகளுள் அத்தடையும் உடலின் எடையும் சமமாகிவிடுகின்றன. அதன் பின்னர் வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கைகால்களைப் பரப்பிக் குப்புற வீழும் மனிதனுக்கு அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு விந்தை பிறக்கிறது. மனிதன் வீழ வேண்டிய தேவையே இல்லை. அதே வேகத்தில் காற்றுக் கீழிருந்து மேல்நோக்கி வீசுமானால், ஒரு கட்டடத்தின் உள்ளேயே, தரைக்கு இரண்டு முழ உயரத்தில் அவன் மிதந்துகொண்டிருப்பான்.

இவ்விந்தை முதலில் விளையாட்டாகப் பிறக்கவில்லை. அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1941 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 20 அடி அகலமுள்ள செங்குத்துக் காற்றுச் சுரங்கம், சுழன்று வீழும் விமானங்கள் எவ்வாறு மீளக்கூடும் என்பதைச் சிறு மாதிரிகளை மிதக்கவிட்டு அறிவதற்காக எழுப்பப்பட்டது. ஒகையோ மாநிலத்து ரைட் பட்டர்சன் விமானப்படைத் தளத்திலும் அத்தகைய சுரங்கம் ஒன்று இருந்தது. சந்திரனுக்குச் சென்று திரும்பும் கலங்களுக்கான குடைகளை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1964 ஆம் ஆண்டு, ஜாக் டிஃபனி என்பவர் அந்தக் காற்றின் மேல் தம் உடலைக் கிடத்தி மிதந்தார். பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 1979 இல், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ழான் சேன் ழெர்மேன் என்னும் புத்தமைப்பாளர் பொதுமக்கள் காசு கொடுத்து மிதப்பதற்கென ஒரு கூடத்தை அமைத்தார். 1982 இல் அது லாஸ் வேகாஸ் நகரத்துக்கும் வந்தது. இன்று பல நாடுகளின் பெருநகரங்களில் கண்ணாடிக் குழாய்களுக்குள் சிறுவரும் முதியவரும் மிதந்து மகிழ்கின்றனர்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் மேல்நோக்கி வீசும் காற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அது விமானத்துக்கும் முந்தியது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய இடங்களில் அக்காற்று ஏந்தியது மனித உடலை அன்று, தேயிலைக் கொழுந்தை. ஆயினும் இரண்டையும் ஆள்வது ஒரே விதி. காற்றின் விசை எடைக்குக் குறைந்தால் பொருள் கீழே கிடக்கும், மிகுந்தால் பறந்துவிடும், ஒத்தால் மிதக்கும். முறத்தில் நெல் புடைக்கும் பெண்ணும் களத்தில் பொலி தூற்றும் உழவனும் இவ்விதியை அறிந்தவர்களே. பதரைப் பறக்கவிட்டு மணியைக் காலடியில் வீழ்த்தும் கணக்கு அவர்கள் கைகளில் இருந்தது. மலைநாட்டின் தேயிலைத் தொழிற்சாலை இக்கணக்கை இரும்பிலும் விசிறியிலும் எழுதப் பழகுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

முதலில் இயற்கையின் காற்றைக் கவனிக்கவேண்டும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலிலிருந்து வந்து மேற்கு மலைச்சரிவில் மோதுகிறது. வழி மறிக்கப்பட்ட காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்துவந்த நீரைக் கொட்டிவிடுகிறது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதற்கு இதுவே காரணம். நீரை இழந்த அதே காற்று மலைமுடியைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. ஊவாவில் ஆடி, ஆவணியிலும், டிம்புள்ளை, டிக்கோயாப் பகுதிகளில் தை, மாசியிலும் சிறந்த மணமுள்ள தேயிலை கிடைப்பது அந்தந்தப் பருவத்தின் வறண்ட காற்றினாலேயே.

மணம் ஒருபுறம் இருக்க, நீரின் கணக்கு வேறு. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ கொழுந்து தொழிற்சாலைக்குள் சென்றால் இருபத்திரண்டு கிலோ அளவே தேயிலையாய் வெளிவரும். எஞ்சிய எழுபத்தெட்டுக் கிலோவையும் ஏற்றிச் செல்வது காற்றுத்தான். தேயிலை செய்தல் என்பதன் பெரும்பகுதி, ஈரத்தைக் காற்றின் கையில் ஒப்படைக்கும் வேலையே ஆகும். மழை நாளில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்க, அது மேலும் ஈரத்தை எங்ஙனம் ஏற்கும்? மலைநாட்டுத் தேயிலைத் தொழிலின் நீங்காத இடர் இதுவே.

கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867 ஆம் ஆண்டு பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பிப் பயிரைப் பூஞ்சை நோய் 1869 முதல் அழிக்கத் தொடங்கியபோது, நாட்டைத் தாங்கியது அந்தப் பத்தொன்பது ஏக்கரில் பெற்ற அறிவு. டெயிலரின் தொடக்ககாலத் தொழிற்சாலை அவருடைய பங்களாவின் விறாந்தையே. அங்கே தொழிலாளர் மேசைமேல் இலையைக் கையால் உருட்டினர். பின்னர் அது களிமண் அடுப்புகளில், கரி நெருப்புக்கு மேலே கம்பித் தட்டுகளில் உலர்ந்தது. நெருப்பால் சூடேறிய காற்று இலேசாகித் தட்டின் வழியே மேலெழுந்தது. விசிறியும் இல்லை, குழாயும் இல்லை. மலைநாட்டுத் தேயிலையைத் தொட்ட முதல் செங்குத்துக் காற்று அந்தக் கரியடுப்பின் மூச்சே எனலாம். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற 23 இறாத்தல் தேயிலை அந்த மூச்சில் உலர்ந்ததுதான்.

கரியடுப்பு புகையும் தந்தது, ஆட்களின் உழைப்பையும் மிகுதியாகத் தின்றது. இதற்கு மாற்றுக் கண்டவர் சாமுவேல் டேவிட்சன். வட அயர்லாந்தில் பிறந்து, 1864 இல் அசாமை அடுத்த கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காக வந்த இவர், நெருப்பையும் இலையையும் பிரித்துவைத்தார். இரும்புக் குழாய்களைச் சூடாக்கி, அவற்றைத் தழுவி எழும் தூய வெப்பக் காற்று அடுக்கடுக்கான தட்டுகளினூடே மேலேறுமாறு அமைத்தார். சகாராவிலிருந்து வீசும் சூடான காற்றின் பெயரையே சூட்டி அதனைச் 'சிறொக்கோ' என்றழைத்தார். 1881 இல் பெல்பாஸ்ட் நகரில் அப்பெயரிலேயே தொழிற்சாலை நிறுவினார். இயற்கையாய் எழும் காற்றின் வேகம் போதாமையால், டேவிட்சன் விசிறியின்பால் கருத்தைச் செலுத்தினார். 1890களின் இறுதியில் அவர் வகுத்த, அலகுகள் முன்வளைந்த விசிறி தேயிலையோடு நின்றுவிடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பெருங்கப்பல்களுக்கும் அது காற்றூட்டியது, டைட்டானிக் கப்பலிலும் அவர் நிறுவனத்து விசிறிகள் இருந்தன. தேயிலையை உலர்த்தப் பிறந்த விசிறி உலகத்தொழில் முழுவதற்கும் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

உலர்த்துவதற்கு முன் வாட்ட வேண்டும். மலைநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அவற்றின் தோற்றத்தைத் தந்தது இந்த வாட்டுதலே. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் அந்த நீண்ட தகரக் கட்டடங்கள் மூன்று, நான்கு மாடிகளோடு காற்றுப்படும் மலைமுகடுகளில் நிற்பதைக் காணாத பயணி இல்லை. அம்மாடிகள் மனிதர் வாழ்வதற்காக எழுந்தவை அல்ல. சாக்குத்துணி இழுத்துக் கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக அங்கே இருந்தன. அவற்றின்மேல் கொழுந்தை மெல்லிய படையாய்த் தூவவேண்டும். ஓர் இறாத்தல் கொழுந்துக்கு ஏறத்தாழப் பத்துச் சதுர அடி இடம். பத்தாயிரம் இறாத்தல் வந்து இறங்கும் நாளில் எத்துணைப் பரப்பு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மாடிகளின் நீளமும் உயரமும் விளங்கும். வெயில் நாளில் சன்னல்களைத் திறந்துவிட்டால் மலைக்காற்றே வேலையைச் செய்துவிடும். மழை நாளிலோ, கீழ்த்தளத்து உலர்த்திகளின் வெப்பக் காற்றை மேலே ஏற்றி, மாடியின் கோடியில் சுழலும் பெருவிசிறிகளால் இழுத்துச் செலுத்துவர்.

மாலையில் தூவிய இலை மறுநாள் விடியலுக்கு முன் பதமடையும். அந்தப் பதத்தை அறிபவர் டீமேக்கர். உலர்ந்த பாதரசக் கம்பி ஒன்றும் ஈரத்துணி சுற்றிய கம்பி ஒன்றும் சுவரில் தொங்கும், இரண்டின் வேறுபாடு காற்றின் தாகத்தைச் சொல்லும். ஆனாலும் அவர் தம் கையைத்தான் நம்பினார். நள்ளிரவில் விளக்கோடு மாடியேறி, ஒரு பிடி இலையை இறுக்கி விடுவார். உருண்டை பிரியாது நின்று, தண்டு முறியாமல் வளைந்து, பழுத்த கனியின் மணம் எழுந்தால் பதம் வந்துவிட்டது. பொழுது புலருமுன்னே உருளைகள் சுழலத் தொடங்கும். இக்கலை ஏட்டில் எழுதிவைக்கக் கூடியதன்று. எனினும் 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர்த் தலவாக்கலை செயின்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், அதனை எண்களாக மாற்ற முயன்றது. அம்முயற்சி பெருமளவு வெற்றியும் பெற்றது.

1960களில் மாடிகளின் ஆட்சி சரிந்தது. அவற்றின் இடத்தைப் பிடித்தவை வாட்டும் தொட்டிகள். நீண்ட தொட்டி ஒன்றின் நடுவே கம்பிவலை விரிந்திருக்கும், வலைமேல் கொழுந்தைச் சாண் உயரத்துக்குக் குவித்துப் பரப்புவர். தொட்டியின் ஒரு முனையில் பொருத்திய விசிறி வலையின் அடியில் காற்றைச் செலுத்த, அது கொழுந்துப் படையை ஊடுருவி நேரே மேலெழும். சாக்குத் தட்டில் ஒரு சதுர மீற்றருக்கு அரைக் கிலோ கிடந்த இடத்தில், தொட்டியில் இருபத்தைந்து கிலோ கிடந்தது. ஐம்பது மடங்கு! மாடிகள் தேவையற்றுப் போயின. தட்டுகளுக்கிடையே குனிந்து நிமிர்ந்து கொழுந்து தூவிய கைகளும் அந்த அளவுக்குத் தேவையற்றுப் போயின. புதிய முறைக்கும் ஒரு குறும்பு இருந்தது. படை ஓரிடத்தில் மெலிந்திருந்தால் காற்று முழுவதும் அந்த மெலிவைத் தேடி ஓடி, அங்குள்ள இலையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறும், மற்ற இடத்து இலை வாடாமல் கிடக்கும். ஆகவே பரப்புகின்ற கைகளின் நேர்த்திக்கு மதிப்புக் குறையவில்லை, கைகளின் எண்ணிக்கையே குறைந்தது.

அந்தக் கைகளுக்குரியவர்களின் நிலை அக்காலத்தில் யாதாயிருந்தது? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். டிஃபனி காற்றின்மேல் மிதந்த அதே 1964 இல், அக்டோபர் 30 ஆம் நாள், சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்பது அதன் கணக்கு. ஈழத்துத் தமிழில் 'அந்தரம்' என்னும் சொல்லுக்கு வெறும் வெளி என்பதோடு தவிப்பு என்னும் பொருளும் உண்டு. தொட்டியும் விசிறியும் வந்தபோது, அவை வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்வதற்கு அம்மக்களிடம் ஒரு வாக்குச்சீட்டுக்கூட இருக்கவில்லை. இந்திய வம்சாவளியினருள் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

வெறுமையான மாடிகளுள் ஒன்றின் பிற்கதை கேட்கத்தக்கது. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் 1930களில் எழுந்த ஹெதர்செட் தொழிற்சாலை, இயந்திரங்கள் ஓய்ந்து நெடுங்காலம் கிடந்தபின், 1996 ஆம் ஆண்டு பயணிகள் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. இலை இரவெல்லாம் வாடிய மாடிகளில் இப்போது கம்பளி போர்த்த விருந்தினர் துயில்கின்றனர். காற்று உள்ளே புகாதிருக்கும்பொருட்டு அவர்கள் சன்னலை இறுகச் சாத்திக்கொள்வர்!

தொட்டியின் காற்று இலையை ஊடுருவியதேயன்றி அதனைத் தூக்கி நிறுத்தவில்லை. இலையை உண்மையாகவே மிதக்கவிட்ட காற்று அதன் பின்னர் வந்தது. சிறு துகள்களாலான படை ஒன்றன் அடியில் காற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படையின் எடை முழுவதையும் காற்றே தாங்கிக்கொள்கிறது. துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. படை பொங்கும் பால்போலக் கொதித்தெழுந்து, தண்ணீரைப் போல ஓடவும் தொடங்குகிறது. இப்பண்பை 1920களில் ஜெர்மானியரான விங்கிளர் நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பதற்குப் பயன்படுத்தினார். 1940களில் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கு அது உதவியது. 1970களில் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் இதனைத் தேயிலையில் சோதித்தனர். கொழும்பு கொமர்ஷல் கொம்பனி இத்தகைய உலர்த்திகளை இந்நாட்டிலேயே செய்யவும் முற்பட்டது.

அதற்கு முன்னிருந்த உலர்த்தியில், துளையிட்ட தட்டுகள் முடிவில்லாச் சங்கிலியில் மேலிருந்து கீழே இறங்கிவர, 90 பாகை செல்சியசை ஒட்டிய காற்றுக் கீழிருந்து எதிரேறியது. இலை தட்டில் படுத்தபடியே பயணம் செய்தது. புதிய உலர்த்தியில் தட்டுகள் நகர்வதில்லை, சங்கிலியும் இல்லை. நுண்துளைகள் நிறைந்த நிலையான தளம் ஒன்றன்மேல் தேயிலை மிதந்துகொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானாகவே வழிந்து செல்கிறது. நுழையும்போது அதில் பாதிக்கு மேல் ஈரம், வெளிவரும்போது நூற்றுக்கு மூன்று. ஒவ்வொரு துகளையும் காற்று எல்லாப் பக்கமும் தழுவுவதால் ஒன்று கருகி மற்றொன்று பச்சையாய் நிற்கும் குறை பெரிதும் நீங்கியது.

இவ்வுலர்த்தியை இயக்குபவனும் காற்றுக் கோபுரத்தில் விசிறியை ஆள்பவனும் ஒரே தொழிலைச் செய்கிறார்கள் என்று துணிந்து சொல்லலாம். பருத்தவர் ஏறினால் கோபுரத்தில் காற்றைக் கூட்டவேண்டும், மெலிந்தவர் ஏறினால் குறைக்கவேண்டும். தேயிலையும் நனைந்து கனத்து நுழைகிறது, உலர்ந்து இலேசாகி வெளியேறுகிறது. ஆகவே முதல் அறையில் வலுத்த காற்றும் கடைசி அறையில் மென்காற்றும் வேண்டும். கோபுரத்தில் கைகால்களைப் பரப்பியவர் உயர எழுவார், உடலைச் சுருட்டியவர் தாழ்வார். இங்கும் தட்டையான செதில் எளிதில் பறந்துவிடும், நன்றாய் முறுக்கேறிய இலை அடியில் தங்க முயலும். கோபுரத்தில் புயல் வேண்டும். தேயிலைத் துகளுக்கோ, மெல்ல நடந்துபோகும் மனிதனின் வேகமுள்ள காற்றே போதுமானது. மிகப் பெரிய வேறுபாடு இதுதான்.

மலையின் உயரமும் இக்கணக்கில் புகுந்துகொள்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறிலொரு பங்களவு குறைவு. அங்கே ஒரு மனிதனை மிதக்கவைக்க விரும்பினால் காற்றின் வேகத்தைப் பத்திலொரு பங்கு உயர்த்தவேண்டியிருக்கும். தேயிலைக்கும் அவ்வாறே. ஒரே எடையுள்ள காற்றைத் தருவதற்கு மலைநாட்டு விசிறி கூடுதலான கனவளவைத் தள்ளவேண்டும். கீழ்நாட்டுத் தொழிற்சாலையின் அளவுகளை அப்படியே மேலே கொண்டுவந்து வைத்தால் இயந்திரம் மெலிந்துபோகும்.

மலைநாட்டார் இப்புதுமையை உடனே தழுவிக்கொள்ளவில்லை, அதற்கு நியாயமும் இருந்தது. நீண்டு முறுக்கிய இலை, மணிபோன்ற சிறு துகளைப்போல எளிதில் மிதப்பதில்லை. ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. தளத்தையே அதிரச்செய்து அப்பின்னலைப் பிரிக்கும் உலர்த்திகள் வந்தபின்னரே வழி பிறந்தது. மேலும், மிதக்கும்போது துகள்கள் ஓயாது உரசிக்கொள்கின்றன. உரசல் மிகுந்தால் தேயிலையின் கருமையான பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறம் ஏறிவிடும். கொழும்பு ஏலத்தில் அந்தச் சாம்பல் நிறத்துக்கு விலை குறையும்.

உரசலில் மற்றொன்றும் எழுகிறது. தண்டின் நார், இலையின் அடியிலுள்ள நுண்மயிர், பொடி ஆகிய இவையெல்லாம் பஞ்சுபோல் மேலெழுந்து காற்றோடு போகின்றன. மிதக்கும் எல்லையைத் தாண்டிப் பறந்துவிட்ட துகள்கள் இவை. உலர்த்திகளின் வாயிலில் சுழற்காற்றுக் கூம்புகளை வைத்து இதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றனர். பிடிபடாதது சலிக்கும் அறையின் தூலங்களில் பழுப்புப் பஞ்சாய்ப் படிகிறது. அவ்வறையில் நிற்பவர்களின் மார்பிலும் படிகிறது. 1970 ஆம் ஆண்டு, இலங்கையின் நெஞ்சு நோய் மருத்துவர் உரகொட, தேயிலைத் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் ஈளையைத் 'தேயிலைத் தயாரிப்பாளரின் ஈளை' என்னும் பெயரில் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எடுத்துரைத்தார். பதம் அறிவதற்காகத் தேயிலையை மூக்கருகே கொண்டுசென்று முகர்வது டீமேக்கரின் தொழில். நோயும் அவ்வழியே புகுந்தது. தொழிற்சாலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய ஆய்வுகளை அவர் அதன் பின்னரும் தொடர்ந்தார். சலிக்கும் அறையில் வேலைசெய்வோர் பெரும்பாலும் பெண்கள். முந்தானைத் துணியையே மூக்கில் கட்டிக்கொண்டு நின்ற தலைமுறைகள் அங்கே கழிந்தன. தூசியை உறிஞ்சும் விசிறிகளும் முகக்கவசங்களும் காலம் தாழ்த்தியே வந்தன, வந்த இடத்திலும் எப்போதும் இயங்கின என்று சொல்வதற்கில்லை.

தண்ணீரின் கணக்கு இத்தொழிற்சாலைக்குள் தொடங்குவதும் இல்லை. மழையில் நனைந்து முதுகில் கொழுந்தைச் சுமந்துவரும் பெண், மலையிலேயே தராசின்முன் நிற்கிறாள். கொழுந்து ஈரமாயிருக்கிறது என்று நிறையிலிருந்து சில கிலோ கழிக்கப்படுகிறது. பைக்கும் கழிவு உண்டு. எவ்வளவு கழிப்பது என்பதில் தராசுக்காரருக்கும் பறிப்பவருக்கும் உடன்பாடு ஏற்பட்ட நாள் அரிது. தொழிற்சங்கங்கள் பல தலைமுறைகளாக இதைப் பேசிவருகின்றன. அங்கே கணக்கில் கழிந்த நீரை, விசிறி உண்மையில் கழிப்பது அன்றிரவு, தொட்டியின் அடியிலிருந்து காற்று மேலெழத் தொடங்கிய பின்னரேயாம்.